நின்றுபோன கடன்கள்: எதை முதலில் கட்டுவது, எதைப் பேசித் தீர்ப்பது

கடன் கட்ட முடியாமற்போன வீடுகளில் ஒரே பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது. படலையடியில் வந்து நின்று சத்தம் போடுகிறவருக்குத்தான் முதலில் காசு போகிறது. கிழமைக் கட்டுக்கு ஆள் வரும் என்று புதன்கிழமை தோடு அடகுக்குப் போகும். அதே நாட்களில் இரண்டு ஆசிரியர்கள் பிணை நின்ற வங்கிக் கடன் மூன்றாம் மாத நிலுவையைச் சத்தமில்லாமல் தாண்டிக்கொண்டிருக்கும். வங்கி படலைக்கு வராது, கடிதம் போடும். அந்தக் கடிதம் கடைசியில் போய்த் தொடுவது பிணை நின்றவரின் சம்பளத்தை.

ஆகவே எந்தக் கடனைப் பேசித் தீர்ப்பது என்று யோசிக்குமுன் ஒவ்வொரு கடனுக்கும் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கடன்காரர் சட்டப்படி எதை எடுக்க முடியும்? எடுத்தால் அது யாருடையது? கீழே வருவதெல்லாம் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான்.

கணக்கை ஒரே தாளில் கொண்டுவருதல்

ஒரு நீளத் தாளை எடுத்து ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். கையில் உண்மையில் வந்த காசு எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, கடைசியாகக் கட்டிய திகதி, கையொப்பம் வைத்த பத்திரங்கள் எவை, பிணையாளர் யார், ஈடாக வைத்தது என்ன, வழக்கு ஏதும் இருக்கிறதா. இவற்றில் மிகப் பெறுமதியானது கடைசியாகக் கட்டிய திகதி. பலர் அதை மறந்துவிடுகிறார்கள். ஏன் முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வங்கி, லீசிங் கொம்பனி, நிதிக் கொம்பனிக் கடன்களுக்கு மனக்கணக்குப் போதாது. கணக்குக் கூற்றை எழுத்தில் கேளுங்கள். முதல், வட்டி, தாமத வட்டி, சட்டச் செலவு என்று நான்காகப் பிரித்துத் தரும்படி கேட்பது அவசியம். மொத்தத் தொகையை மட்டும் சொல்லும் தொலைபேசி அழைப்பை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது.

அதோடு இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்திலிருந்து, நம்மவர் ‘கிறிப்’ என்று சொல்லும் அந்த நிறுவனத்திலிருந்து, உங்கள் சொந்த அறிக்கையை எடுங்கள். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது அது. நீங்கள் எடுத்த கடன்கள் மட்டுமல்ல, பிணை நின்ற கடன்களும் அதில் வரும். எப்போதோ மச்சானுக்காகப் போட்ட ஒரு கையொப்பம் இன்று எந்த நிலையில் கிடக்கிறது என்று பலருக்கு இந்த அறிக்கையில்தான் தெரியவருகிறது. கிறிப் யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை. கட்டிய, கட்டாத வரலாற்றை அது காட்டுகிறது. அதைப் பார்த்துக் கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பது அடுத்த வங்கி.

யார் எதை எடுக்க முடியும்

நகை அடகு மிகத் தெளிவான கடன். தவணை முடிந்து மீட்காவிட்டால் அறிவித்தல் வரும், பிறகு ஏலம். ஏலத்தில் கடனையும் வட்டியையும் செலவையும் கழித்து மிச்சம் இருந்தால் அது அடகு வைத்தவருடைய காசு, போய்க் கேட்டு வாங்க வேண்டும். மூன்று காப்பும் அடகில் கிடந்து வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் ஒன்றை மீட்டு விற்று மற்ற இரண்டையும் வெளியே எடுப்பது பெரும்பாலும் மலிவு. அம்மாவின் காப்பு என்ற மனப்பாரம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் மூன்று வருடம் வட்டி கட்டிவிட்டு ஏலத்தில் மூன்றையும் இழப்பதைவிட ஒன்றைத் தெரிந்தே விற்பது நல்லது.

லீசிங் வாகனத்தில் வாகனப் புத்தகத்திலேயே கொம்பனியின் பெயர் முழு உரிமையாளராக இருக்கும். தவணை தவறினால் அறிவித்தலுக்குப் பிறகு வாகனத்தை எடுப்பார்கள். அதோடு கதை முடிவதில்லை. ஏலத்தில் வந்த காசு போதாவிட்டால் மிச்சத்துக்கு உங்களையும் பிணையாளரையும் துரத்துவார்கள். அந்த முச்சக்கர வண்டியால்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது என்றால் இந்தக் கடன் பட்டியலில் மேலே வரவேண்டும். வாகனம் பிழைப்புக்கு உதவவில்லை என்றால், அவர்கள் எடுப்பதற்கு முன் கொம்பனியின் எழுத்துச் சம்மதத்தோடு நீங்களே ஆள் பிடித்து விற்றால் விலை கூடக் கிடைக்கும்.

காணி ஈடு வைத்த வங்கிக் கடனுக்கு 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பராட்டே என்று சொல்வது இதைத்தான். வழக்குப் போடாமலே பணிப்பாளர் சபைத் தீர்மானம் ஒன்றின் மூலம் வங்கி ஈட்டுக் காணியை ஏலம் விடலாம். 2011இல் வந்த திருத்தத்தின்படி முதல் தொகை 50 இலட்சத்துக்குக் குறைந்த கடன்களுக்கு இந்த வழியைப் பாவிக்க முடியாது. எனவே 12 இலட்சம் எடுத்தவரை “பராட்டேயில் வீட்டை விற்போம்” என்று யாராவது வெருட்டினால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். வழக்குப் போட்டு ஈட்டை அறவிடும் வழி அப்போதும் அவர்களுக்குத் திறந்துதான் இருக்கும், அதை மறக்க வேண்டாம்.

ஈடில்லாத தனிநபர் கடனும் கடனட்டையும் வேறு. இவற்றுக்கு வங்கி நீதிமன்றம் போகவேண்டும். ஆனால் ஒரு விதிவிலக்கு: அதே வங்கியில் உங்கள் சேமிப்புக் கணக்கு இருந்தால் அதிலிருந்து நிலுவையைக் கழித்துக்கொள்ள ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இடம் வைத்திருப்பார்கள். கனடாவிலிருந்து அண்ணா அம்மாவின் மருந்துக்கு அனுப்பிய காசு விழுந்த அன்றே காணாமற்போவது இப்படித்தான். வீட்டுச் செலவுக் காசு வேறொரு வங்கிக்கு வரும்படி மாற்றிவிடுங்கள். இதில் ஒளிப்பு மறைப்பு எதுவுமில்லை. எந்தக் காசு எந்தக் கடனுக்குப் போகிறது என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிணையாளர் இருக்கிற கடன். இதைத்தான் நான் எப்போதும் மேலே போடச் சொல்வேன். பிணைப் பத்திரத்தில் ‘முதலில் கடன்பட்டவரிடம் அறவிடு, பிறகு என்னிடம் வா’ என்று சொல்லும் உரிமையைப் பிணையாளர் பெரும்பாலும் கைவிட்டுத்தான் கையொப்பமிட்டிருப்பார். எனவே வங்கி நேரே அவரிடம் போகலாம். உங்களுக்குச் சொத்து இல்லை, அவருக்கு அரசாங்கச் சம்பளம் இருக்கிறது. வங்கி எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. அவரின் கிறிப்பும் அடிவாங்கும், அவர் தன் பிள்ளைக்கு எடுக்க இருந்த கடனும் நின்றுபோகும்.

நுண்கடன் குழுக்களிலும் இதே நிலைதான். உங்கள் கட்டுக்காசு நின்றால் பக்கத்து வீட்டுப் பெண்கள் கட்டவேண்டிவரும். குழுக் கூட்டத்தில் “இந்த மாதம் பாதிதான் தரலாம்” என்று முன்கூட்டியே சொல்வது, அன்று வராமல் ஒளிப்பதைவிட எல்லாருக்கும் நல்லது.

புறோநோட்டும் மீற்றர் வட்டியும்

தனியாரிடம் வாங்கியதில் அதிகம் பயப்படுகிறோம், குறைவாகத் தெரிந்து வைத்திருக்கிறோம். மாதம் நூற்றுக்கு மூன்று என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். நூற்றுக்குப் பத்து என்றால் 120 சதவீதம். நாள் கணக்கில் ஓடும் மீற்றர் வட்டியைப் பாருங்கள்: நாள் கட்டில் 10,000 என்று எழுதி 1,000ஐ முன்கூட்டியே கழித்து 9,000 கையில் தந்து, நாளுக்கு 200 வீதம் 60 நாள் வாங்கினால் திரும்பிப் போவது 12,000. ஒன்பதுக்குப் பன்னிரண்டு, அதுவும் இரண்டே மாதத்தில்.

1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் காசு கடன் கொடுத்தல் கட்டளைச்சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் 10ஆம் பிரிவு, கடனுக்காக எழுதப்படும் புறோநோட்டில், அதாவது காசைத் திருப்பித் தருவேன் என்ற வாக்குறுதிச் சீட்டில், மூன்று விடயங்கள் தனித்தனியாக இருக்கவேண்டும் என்கிறது: உண்மையில் கொடுத்த முதல், முன்கூட்டிக் கழித்த வட்டி அல்லது கட்டணம், வருட வட்டி வீதம். இவை இல்லாத நோட்டை வைத்து அறவிடுவது கடினம். தவறு கவனக்குறைவால் வந்தது, சட்டத்தை ஏய்க்கும் நோக்கம் இல்லை என்று நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்தவேண்டிய பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. மிதமிஞ்சிய வட்டி, கொடூரமான நிபந்தனை என்று கண்டால் கணக்கைத் திறந்து மறுபடி பார்க்கும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு. இன்னொன்று, தனியார் கடனில் அறவிடக்கூடிய வட்டி நிலுவை முதலைத் தாண்டக்கூடாது என்று குடியியல் சட்டக் கட்டளைச்சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு இலட்சம் வாங்கினால் வட்டியாக வழக்கில் கேட்கக்கூடியது இன்னொரு இலட்சம் வரைதான். வங்கி, நிதிக் கொம்பனிகளிடம் இந்த வாதத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போகவேண்டாம். அவற்றுக்கு வேறு சட்டங்கள் இருக்கின்றன.

இங்கே பெரும்பாலும் வினையாகிப்போவது வெற்றுத் தாள்தான். தொகை எழுதாத நோட்டில் கையொப்பம், திகதியில்லாத காசோலை, இரண்டையும் ஈடாகக் கொடுத்துவிடுவார்கள். காசோலை விடயத்தில் பொலிசுக்குப் போக இடம் உண்டு, ஏமாற்றும் நோக்கம் என்று முறைப்பாடு வரும். வெறும் கடன் நிலுவை அப்படியல்ல, அது குடியியல் விவகாரம். கடன் கட்டவில்லை என்பதற்காக மட்டும் பொலிஸ் உங்களைப் பிடித்து வைக்க முடியாது, அங்கே வைத்துப் புதிய நோட்டில் கையொப்பம் வாங்கவும் முடியாது. ஆகவே தனியார் கடனைத் தீர்க்கும்போது காசைக் கொடுக்கும் அதே நேரத்தில் நோட்டையும் காசோலையையும் கையில் வாங்கவேண்டும். “வீட்டில இருக்கு, நாளைக்குத் தாறன்” என்றால் காசும் நாளைக்குத்தான்.

சிறிய தொகைகளுக்கு மத்தியஸ்த சபை நல்ல இடம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது, செலவு இல்லையென்றே சொல்லலாம், சட்டத்தரணி தேவையில்லை. சட்டம் குறித்த தொகைக்கு உட்பட்ட பல பிணக்குகளில், இணக்கம் வரவில்லை என்ற சபையின் சான்றிதழ் இல்லாமல் வழக்கே போட முடியாது. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் வட்டியைக் குறைத்து முதலைத் தவணையில் கட்ட எழுதிக்கொள்ள இதைவிட மரியாதையான வழி தெரியவில்லை.

ஆறு வருடக் கணக்கு

கடைசியாகக் கட்டிய திகதி முக்கியம் என்று சொன்னேன் அல்லவா. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச்சட்டத்தின்படி எழுத்து ஒப்பந்தத்துக்கும் புறோநோட்டுக்கும் 6 வருடம், எழுத்தில்லாத கடனுக்கு 3 வருடம், கடைக் கொப்பிக் கடனுக்கு 1 வருடம், ஈட்டு உறுதிக்கு 10 வருடம். அதற்குள் வழக்குப் போடாவிட்டால் வழக்கில் ‘காலங்கடந்தது’ என்ற எதிர்வாதத்தை எடுக்கலாம். நீங்கள் எடுத்தால்தான் உண்டு.

இந்தக் கணக்கு பிழைப்பது எங்கே என்றால், இடையில் கொடுக்கும் சிறு காசில். ஐந்தரை வருடம் பேசாமல் கிடந்த கடனுக்கு ஒருவர் அழைத்து, “நல்லெண்ணத்துக்கு ஒரு ஐயாயிரம் போடுங்கோ, மிச்சத்தைப் பிறகு பார்ப்பம்” என்பார். அந்த ஐயாயிரம் விழுந்ததும் ஆறு வருடம் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கலாம். “கடனை ஒப்புக்கொள்கிறேன், கொஞ்சம் அவகாசம் தாருங்கள்” என்று எழுதிக் கையொப்பமிட்ட கடிதமும் அப்படித்தான். பழைய கடனைப் பற்றி எழுதுவதானால் தலைப்பிலேயே ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று போட்டு, முடிந்தால் சட்டத்தரணி மூலம் எழுதுங்கள்.

2022இல் கொள்கை வட்டி ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் ஏறி, மிதக்கும் வட்டிக் கடன்களின் தவணை தாங்கமுடியாமற்போய் நின்ற கணக்குகளுக்கு 2028 ஒரு எல்லைக்கோடு. அதற்குக் கிட்ட வரும்போது நிறுவனங்கள் வழக்குப் போட அவசரப்படும். அவசரம் இரண்டு பக்கமும் இருக்கும், பேரத்துக்கும் அதுவே நேரம். ஆனால் “காலம் போகட்டும்” என்று ஒளித்திருப்பதற்கு முன், ஏற்கனவே வழக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய விலாசத்துக்கு அழைப்பாணை போயிருக்கலாம். வழக்கு யாழ்ப்பாணத்திலோ மல்லாகத்திலோ இல்லாமல் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் கிடக்கலாம். தீர்ப்பாணை வந்துவிட்டால் அதை நிறைவேற்ற 10 வருடம் இருக்கிறது, ஆறு வருடக் கதை அங்கே எடுபடாது.

இன்னொரு விடயம் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். பிணையாளர் உங்களுக்காகக் கட்டிய காசு, அயலவர் கைமாற்றாகத் தந்த காசு இவற்றில் காலாவதிச் சட்டத்தைக் கையில் எடுக்க வேண்டாம் என்பது என் நிலைப்பாடு. மாதம் இரண்டாயிரம் என்றாலும் கொடுங்கள்.

தீர்ப்பதா, தவணை மாற்றுவதா

90 நாள் தாண்டிய கடனை வங்கி செயற்படாக் கடனாக வகைப்படுத்தும். அதற்கு முன் போனால் கிடைப்பது தவணை நீட்டல், சில மாத அவகாசம். இது இலகுவாகக் கிடைக்கும், கிறிப்பும் அதிகம் கெடாது. வருமானம் தற்காலிகமாகத்தான் நின்றது என்றால் இந்த நிலையிலேயே போய்க் கதையுங்கள். வெங்காயச் செய்கை, புகையிலை, கடற்றொழில் என்று வருமானம் காலத்துக்குக் காலம் வருகிற வீடுகள் மாதத் தவணை கேட்பதே பிழை. அறுவடை மாதங்களில் பெரிய தவணை, மற்ற மாதங்களில் வட்டி மட்டும் என்று எழுதிக் கேட்கலாம். வாடைக்காற்று மாதங்களில் கரையில் வள்ளம் கிடக்கும்போது தவணை கட்டு என்றால் எங்கேயிருந்து கட்டுவது.

ஒரே தடவையில் குறைத்துத் தீர்ப்பது, நம்மவர் ‘செட்டில்மென்ற்’ என்பது, நீண்டகாலம் நின்றுபோன கடனுக்குத்தான் பொருந்தும். ஒரு கணக்கைப் பாருங்கள். முதல் 300,000, வட்டி 170,000, தாமத வட்டி 35,000, சட்டச் செலவு 15,000, மொத்தம் 520,000. வங்கி இரண்டு வழி சொல்கிறது. முழுவதையும் 16 சதவீதத்தில் 60 மாதத் தவணையாக்கினால் மாதம் ஏறத்தாழ 12,650. ஐந்து வருடத்தில் கட்டி முடிப்பது ஏழரை இலட்சத்துக்கும் மேல். அல்லது 360,000ஐ 30 நாளுக்குள் ஒரே தடவையில் கட்டிக் கணக்கை மூடுவது.

கையில் அந்தக் காசு இருந்தால் இரண்டாவது வழிதான். காசு இல்லை, நகை இருக்கிறது, வருடம் 14 சதவீதத்தில் அடகு வைக்கலாம் என்றால் வருட வட்டி 50,400. ஒரு வருடத்தில் நகையை மீட்க வழி இருந்தால் இதுவும் சரி. ஆனால் அதே 360,000ஐ நூற்றுக்கு ஐந்து என்று மாத வட்டிக்கு எடுத்தால் வட்டி மட்டும் மாதம் 18,000. வங்கியின் தவணையைவிடக் கூட, முதல் தொகையில் ஒரு சதமும் குறையாது. வங்கிக் கடனைத் தீர்த்த மகிழ்ச்சியோடு இந்தக் குழிக்குள் விழுந்த குடும்பங்கள்தான் பிறகு காணியை விற்கின்றன.

வெளிநாட்டு உறவுகள் காசு தருவதாகச் சொன்னால் அதை நாலு கடனுக்கும் பகிர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிடாதீர்கள். பகிர்ந்தால் எதுவும் மூடாது, எல்லாவற்றின் வட்டியும் ஓடும். ஒரு கடனை முழுதாக மூடக்கூடிய தொகை சேரும்வரை தனியாக வைத்து, பிணையாளர் இருக்கிற கடனில் பாவியுங்கள். சீட்டு எடுக்கிறவர்களும் அப்படியே. கழிவில் எடுக்கும் சீட்டுக் காசுக்கும் ஒரு வட்டி இருக்கிறது, கழித்த தொகையைக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

தீர்க்கக்கூடாத நேரங்களும் உண்டு. தீர்த்தபின் வீட்டில் அடுத்த மாத அரிசிக்கும் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் காசு மிஞ்சாது என்றால் தீர்க்க வேண்டாம், நாலாம் மாதத்தில் புதிய கடன் வரும். நிறுவனம் எழுத்தில் எதுவும் தர மறுத்தாலும் வேண்டாம். கடன்பட்டவர் இறந்துவிட்டார் என்றால் ஒரு சதமும் கட்டுமுன் கடனுக்குக் காப்புறுதி இருந்ததா என்று கேளுங்கள். வங்கிக் கடன்களோடு ஆயுள் காப்பு சேர்ந்துவருவது வழமை, அது தெரியாமல் விதவைகள் தவணை கட்டுகிறார்கள். இறந்தவரின் கடன் அவர் விட்டுப்போன சொத்துக்கு எதிரானது. நீங்கள் கையொப்பமிடாதவரை உங்கள் சொந்தச் சம்பளத்துக்கு எதிரானதல்ல.

பேரம்

கிளை முகாமையாளருக்குக் கடனின் முதல் தொகையில் கைவைக்க அதிகாரம் இராது. தாமத வட்டியில் கொஞ்சம், வட்டியில் ஒரு பங்கு, அதற்கு மேல் பிராந்திய அலுவலகம் அல்லது கொழும்புத் தலைமை அலுவலகம். ஆகவே அவருடன் சண்டை பிடித்துப் பயனில்லை. அவர் மேலே அனுப்பக்கூடிய கோப்பை நீங்கள் கட்டிக்கொடுக்க வேண்டும். ஒரு பக்கக் கடிதம், வருமானம் குறைந்ததற்கான சான்று, வைத்தியசாலைப் பத்திரம் இருந்தால் அது, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், மற்றக் கடன்களைக் காட்டும் கிறிப் அறிக்கை, எவ்வளவு தொகை எந்தத் திகதிக்குள் எங்கிருந்து வரும் என்ற வசனம். கடைசி வசனம் இல்லாத கடிதம் இரக்கம் கேட்கும் கடிதமாகப் போய்க் கிடப்பில் விழும்.

வங்கிகளின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது, நிதிக் கொம்பனிகளில் பெரும்பாலானவற்றுக்கு மார்ச் 31. முன்னதற்கு கார்த்திகை நடுப்பகுதியிலும் பின்னதற்கு மாசியிலும் கோரிக்கை போய்ச் சேர்ந்தால் மேலிருந்து பதில் வேகமாக வரும். நின்றுபோன கணக்குகளைக் குறைத்துக் காட்ட அவர்களுக்கும் தேவை இருக்கிறது.

முதல் வாயில் உங்களால் முடிந்த உச்சத் தொகையைச் சொல்லவேண்டாம். முதலின் மிச்சத்தை மட்டும் தருகிறேன் என்று தொடங்கி, வட்டியில் ஒரு பங்குக்கு ஏறலாம். வங்கி கணக்கைப் ‘பதிவழித்தது’ என்று கேள்விப்பட்டு கடன் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அது அவர்களின் புத்தகக் கணக்கு, உங்களிடம் அறவிடும் உரிமை அப்படியே இருக்கும்.

கடிதத்தில் இருக்கவேண்டியவை

காசு கட்டுமுன் நிறுவனத்தின் கடிதத் தலைப்பில், அதிகாரம் உள்ளவரின் கையொப்பத்தோடு வரவேண்டும். எந்தெந்தக் கணக்கு இலக்கங்கள், தொகை, கடைசித் திகதி, இது முழுமையும் இறுதியுமான தீர்வு என்ற சொல், மிச்சம் தள்ளுபடி என்ற சொல், பிணையாளர்கள் விடுவிக்கப்படுகிறார்கள் என்ற சொல், வழக்கு இருந்தால் அதன் இலக்கத்தோடு அது மீளப்பெறப்படும் என்ற சொல், ஈட்டுப் பத்திரங்கள் திரும்பும் நாள், கிறிப்பில் எப்படிப் பதியப்படும் என்பது. வட்ஸ்அப் செய்தி போதாது. சேகரிப்பவரின் சொந்தக் கணக்குக்கோ சொந்தத் தொலைபேசி இலக்கத்துக்கோ காசு போடவே கூடாது. கிளைக் கவுண்டரில், கடன் கணக்கு இலக்கத்தை எழுதி, முத்திரை குத்திய பற்றுச்சீட்டோடு கட்டுங்கள். தீர்வுத் தொகையை இரண்டு மூன்று தவணையில் கட்ட ஒத்துக்கொண்டால், ஒரு தவணை ஒரு நாள் பிந்தினாலும் தள்ளுபடி ரத்தாகி முழுத் தொகையும் உயிர்க்கும் என்ற வசனம் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும். அதனால் திகதியை உங்கள் சம்பள நாளுக்குப் பிறகு ஐந்து நாள் தள்ளிக் கேளுங்கள்.

நீதிமன்றக் கடிதம் வந்தால்

வங்கி, நிதிக் கொம்பனிக் கடன்களுக்கு 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டம் பாவிக்கப்படும். சாதாரண வழக்கைப் போல முதலில் மறுமொழி, பிறகு விசாரணை என்ற ஒழுங்கு இதில் இல்லை. பத்திரங்களைப் பார்த்து நீதிமன்றம் ‘டிக்றி நைசை’ என்ற நிபந்தனைத் தீர்ப்பாணையை முதலிலேயே கொடுத்துவிடும். குறித்த நாளில் தோன்றி, எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்கவேண்டும். அதற்கும் தொகையைக் கட்டச் சொல்லலாம், பிணை கேட்கலாம், அல்லது விசாரிக்கத்தக்க விடயம் உண்டு என்று நீதிமன்றத்துக்குத் தோன்றவேண்டும். அன்று போகாவிட்டால் தீர்ப்பாணை முடிவாகிவிடும். அதன் பிறகு றிட் (தீர்ப்பை நிறைவேற்றும் கட்டளை), பிஸ்கால் (அதை நிறைவேற்ற வரும் நீதிமன்ற அலுவலர்) என்று போகும். உடுப்பு, படுக்கை, தொழில் ஆயுதங்கள், அரசாங்க ஓய்வூதியம் போன்றவற்றைக் குடியியல் நடவடிக்கைச் சட்டக்கோவையின் 218ஆம் பிரிவு கைப்பற்றலிலிருந்து காக்கிறது. தச்சரின் வாளும் தையல்காரியின் மெசினும் அதற்குள் அடங்கும் என்று வாதாடலாம்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள், யாழ்ப்பாணத்திலும் அதன் நிலையம் இருக்கிறது. அழைப்பாணையும் கடன் பத்திரங்களும் கையோடு இருக்கட்டும்.

சீதனக் காணி

வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு இது தனியாகத் தெரியவேண்டிய விடயம். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச்சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி மனைவியின் தனிச்சொத்து கணவனின் கடனுக்குப் பொறுப்பாகாது. அந்தச் சொத்தைப் பயிரிட, திருத்த, பராமரிக்க, அதன் வரி கட்ட எடுத்த கடன் மட்டும் விதிவிலக்கு. ஆகவே “புருசன்ர கடனுக்கு உங்கட சீதன வீட்டை எடுப்பம்” என்பது வெருட்டல்தான், மனைவி எங்கும் கையொப்பமிடாதவரை. இணைக் கடன்பட்டவராகவோ பிணையாளராகவோ ஒரு கையொப்பம் போட்டால் அந்தப் பாதுகாப்பைத் தானே திறந்துவிடுகிறார். தவணை மாற்றும்போது “அக்காவும் ஒரு கையொப்பம் வைச்சா வேகமா முடியும்” என்று வங்கியில் சொல்வார்கள். அந்த இடத்தில் நின்று யோசியுங்கள். தவணை நீட்டலுக்காகச் சீதன வீட்டைப் பணயம் வைப்பது நல்ல வியாபாரமே அல்ல.

தேடியதேட்டச் சொத்து, அதாவது திருமணத்துக்குப் பிறகு தேடிச் சேர்த்தது, என்றால் இவ்வளவு நேராகச் சொல்ல முடியாது, உறுதியைச் சட்டத்தரணியிடம் காட்டித்தான் முடிவெடுக்க வேண்டும். கடன் தீர்க்கக் காணி விற்க நினைப்பவர்கள் இரண்டு தாமதங்களுக்குத் தயாராக இருங்கள். மனைவி தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். பங்குக் காணி என்றால் பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் முன்கொள்வனவு உரிமை, அதாவது வெளியாருக்கு விற்குமுன் தாங்கள் வாங்கும் முன்னுரிமை, இருக்கிறது. 30 நாளில் தீர்ப்பேன் என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காணி விற்கப் புறப்பட்டால் அந்த 30 நாள் போதாது.

தொல்லை

இரவில் அழைப்பது, வேலையிடத்தில் வந்து கத்துவது, அயலுக்குச் சொல்வது எல்லாம் நடக்கின்றன. திகதி, நேரம், பெயர், சொன்ன வார்த்தை என்று குறித்துவையுங்கள். முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டு அதன் பிரதியை வைத்திருங்கள். பதில் திருப்தியில்லையென்றால் மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம், தொலைபேசி 1935. நிதிசார் நுகர்வோர் பாதுகாப்புக்கென்று 2023இல் ஒழுங்குவிதிகள் வந்திருக்கின்றன. மத்திய வங்கியின் கீழ் வராத தனிக் கடன்காரரிடம் இது செல்லாது, அங்கே மிரட்டல் என்றால் பொலிஸ் முறைப்பாடுதான்.

கட்டி முடித்த பிறகு

நிலுவையில்லை என்ற கடிதத்தை அன்றே கேளுங்கள், பிணையாளர்களுக்கும் ஆளுக்கொரு பிரதி. காணி ஈடு இருந்தால் ஈட்டு மீட்பை நொத்தாரிசு மூலம் எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிவதும் சேர்ந்தால்தான் முடிவு. பத்திரத்தை மட்டும் வாங்கிப் பெட்டிக்குள் வைத்தால் பதிவேட்டில் ஈடு அப்படியே நிற்கும், பத்து வருடம் கழித்து மகளுக்கு எழுதும்போது தெரியவரும். லீசிங் வாகனத்துக்கு முழு உரிமையாளர் பெயரை நீக்கும் கடிதத்தை வாங்கி மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றுங்கள். வழக்கு இருந்தால் அடுத்த தவணை நாளில் நீங்களும் போய், மீளப்பெற்றது வழக்கேட்டில் எழுதப்பட்டதா என்று பாருங்கள். மூன்று மாதம் கழித்து கிறிப் அறிக்கையை மறுபடி எடுங்கள். கணக்கு இன்னும் நிலுவையாகக் காட்டினால் தீர்வுக் கடிதத்தின் பிரதியோடு அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் திருத்தம் கேளுங்கள். பற்றுச்சீட்டு வெப்பத்தாளில் அச்சிட்டது என்றால் இரண்டு வருடத்தில் எழுத்து மங்கிவிடும், அன்றே போட்டோப் பிரதி எடுத்து காணி உறுதிகளோடு சேர்த்து வையுங்கள்.